மும்பையில் தனியாக வயதாகும் அப்பா, அம்மா: உதவி எங்கே இருக்கிறது, எங்கே அறுந்துபோகிறது?

உங்கள் அம்மா மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருப்பது பெங்களூரிலோ, சிங்கப்பூரிலோ, இல்லை இதே மும்பையில் ஒரு மணி நேரம் தள்ளி போரிவலியிலோ. நாளைக் காலை பத்து மணி ஆகியும் பால் பாக்கெட் கதவு ஓரத்திலேயே கிடந்தால், அதை முதலில் கவனிப்பது யார்? கவனித்தவரிடம் உங்க நம்பர் இருக்கா?

மும்பையில் முதியோர் பாதுகாப்பு பற்றிப் பேசினால் ஹெல்ப்லைன், பென்ஷன், இன்சூரன்ஸ் என்று பட்டியல் நீளும். அதெல்லாம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் முழுவதும் மேலே கேட்ட கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. எப்படி என்று பார்க்க, இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

2017 ஆகஸ்ட். அமெரிக்காவில் வேலை பார்த்த மகன் ஓஷிவாராவில் உள்ள ஃபிளாட்டுக்கு வருகிறார். கதவு திறக்கவில்லை. உடைத்து உள்ளே போனால், 63 வயது அம்மாவின் எலும்புக்கூடுதான் கிடைக்கிறது. மகன் அம்மாவிடம் கடைசியாகப் பேசியது 2016 ஏப்ரலில் என்று அப்போது போலீஸ் தரப்பில் சொன்னார்கள். பணம் இருந்தது, சொந்த வீடு இருந்தது, பக்கத்து ஃபிளாட்டுகள் இருந்தன. கவனிக்க ஆள் இல்லை.

2025 மார்ச். தெற்கு மும்பையில் 86 வதுப் பெண் ஒருவரை 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டி, இரண்டு மாதத்துக்கும் மேலாக 20 கோடி ரூபாய்க்கு மேல் கறந்திருந்த மோசடி வெளியே வருகிறது. அம்மா அறையை விட்டு வெளியே வராததையும், நடவடிக்கை மாறியதையும் கவனித்து மகளுக்குச் சொன்னவர் வீட்டு வேலைக்கு வரும் பெண் என்று செய்திகள் வந்தன. வங்கியும் ஹெல்ப்லைனும் அதற்குப் பிறகுதான் வந்தன.

இரண்டு வீட்டிலும் வசதிக்குக் குறையில்லை. ஒரு வீட்டில் 'என்னமோ சரியில்லையே' என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தார். இன்னொரு வீட்டில் இல்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் வயதானவர்களைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வை நடத்தும் நிறுவனம் செம்பூருக்குப் பக்கத்திலேயே, தேவ்னாரில் இருக்கிறது: சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், சுருக்கமாக ஐஐபிஎஸ். 2017-18-ல் 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அது நடத்திய ஆய்வின் பெயர் 'லாசி'. அந்த நிறுவனமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் இந்தியர்களில் 10.5% பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2050-ல் இது 20.8% ஆகும். ஐந்தில் ஒருவர்.

2021-க்கான அரசு மதிப்பீட்டில் மகாராஷ்டிராவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 11.7%, தமிழ்நாட்டில் 13.6%, கேரளாவில் 16.5%. அதாவது மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் இப்போது சந்திக்கும் பிரச்சினையை, அவர்களுடைய சொந்த ஊர் ஏற்கெனவே சந்தித்துக்கொண்டிருக்கிறது. இதைப் பிறகு பார்ப்போம்.

லாசி ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது. மத்திய அரசின் முதியோர் பென்ஷன் என்று ஒன்று இருப்பதே 60 வயதைத் தாண்டியவர்களில் 55% பேருக்குத்தான் தெரிந்திருந்தது. முதியோருக்கு அரசு தரும் சலுகைகள் ஏதாவது ஒன்று பற்றித் தெரிந்தவர்கள் 28% பேர்தான்.

ஏன் இப்படி? நம்ம ஊர்த் திட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி அமைக்கப்பட்டவை. நீங்கள் போய்க் கேட்டால் கிடைக்கும். அவை தேடி வராது. எழுதப் படிக்கத் தெரிந்த, போன் பயன்படுத்தத் தெரிந்த, தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கக் கால் வலு உள்ள ஒருவரை மனதில் வைத்துத்தான் எல்லா ஃபார்மும் அச்சாகியிருக்கிறது. 75 வயதில் அந்த ஆள் யார்? பெரும்பாலும் பிள்ளைதான். அதாவது நீங்கதான்.

மும்பையில் தமிழர்கள் அதிகம் வாழும் மூன்று பகுதிகளைப் பார்த்தால், இந்தச் சங்கிலி மூன்று இடங்களில் மூன்று விதமாக அறுந்துபோவது தெரியும்.

தாராவி: பார்க்க ஆள் உண்டு, தாளில் பெயர் இல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தமிழர்கள் தாராவிக்கு வந்தார்கள். அந்தச் சந்துகளில் ஒரு பாட்டி காலையில் வெளியே வரவில்லை என்றால் எட்டு மணிக்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். அந்த விஷயத்தில் தாராவி, லோகண்ட்வாலாவை விடப் பாதுகாப்பான இடம்.

பிரச்சினை வேறு. முதலில் கழிப்பறை. 2020-ல் கொரோனா சமயத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கு: தாராவி மக்களில் 80% பேர் சுமார் 450 பொதுக் கழிப்பறைகளை நம்பி இருக்கிறார்கள். முட்டி வலியும் சர்க்கரையும் உள்ள 70 வயதுப் பெண்ணுக்கு ராத்திரி இரண்டு மணிக்குச் செங்குத்தான ஏணிப்படி இறங்கி, ஈரச் சந்தில் நடந்து, வரிசையில் நின்று திரும்புவது என்றால் என்ன என்று யோசியுங்கள். பலர் சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, பணம். இங்கே ஒரு கணக்கைப் பொறுமையாகப் பார்க்கணும்.

மத்திய அரசின் முதியோர் பென்ஷனில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 ஆனால் 500. அந்த 200, இந்திரா காந்தி பெயரில் திட்டம் 2007-ல் தொடங்கியபோதும் 200-ஆகவே இருந்தது. மகாராஷ்டிரா அரசின் 'ஷ்ராவண்பாள்' பென்ஷனும் சேர்ந்தால் மாதம் 1,500 ரூபாய் கிடைக்கும். 2023-ல்தான் 1,000-லிருந்து இப்படி உயர்ந்தது. இதற்கு வயது 65 ஆகியிருக்க வேண்டும், மகாராஷ்டிராவில் 15 வருடம் வசித்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

வருடத்துக்கு 21,000 என்றால் நாளைக்கு 58 ரூபாய்கூட இல்லை. இட்லி மாவு விற்கும் மருமகளோ, தையல் மெஷினில் உட்காரும் மகனோ ஒரு காலை நேரத்தில் சம்பாதிப்பதைவிடக் குறைவு.

இப்போது இதே மாநில அரசின் 'லாட்கி பஹீண்' திட்டத்தைப் பாருங்கள். 2024-ல் வந்தது. 21 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு அதே 1,500 ரூபாய். அதற்கு வருமான வரம்பு வருடத்துக்கு 2.5 லட்சம், அதாவது மாதம் 20,833 ரூபாய். ஒரு திட்டத்தில் ஒரு மாதத்துக்கான வரம்பு, இன்னொன்றில் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கான வரம்பு!

இதன் விளைவு என்ன? மாதம் 15,000 ரூபாய் வருமானம் உள்ள ஒரு தாராவிக் குடும்பத்தில் 64 வயது அம்மாவுக்கு 1,500 ரூபாய் கிடைக்கலாம். 65 தாண்டினால் அது நிற்கும். முதியோர் பென்ஷன் வரம்புக்குள்ளும் அந்தக் குடும்பம் வராது. வயது ஏறும்போது உதவி ஏற வேண்டும். இங்கே 65-வது பிறந்தநாளில் அது இறங்குகிறது.

மூன்றாவது, வீடு. தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டரை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கியது. விதி இதுதான்: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000 முதல் 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, 2.5 லட்சம் ரூபாய் கட்டி. மாடியில் இருப்பவர்களுக்கும், 2022 நவம்பர் 15 வரை வந்த மற்றவர்களுக்கும் வெளியே, வாடகைக் கொள்முதல் முறையில். வெளியே என்று பேசப்படும் நிலங்களில் தேவ்னார் குப்பைக் கிடங்கின் ஒரு பகுதியும் உண்டு.

இளையவர்களுக்கு இது சதுர அடிக் கணக்கு. வயதானவர்களுக்கு? கீழே அண்ணன், மேலே தம்பி என்று ஒரே படிக்கட்டைச் சுற்றி இருக்கும் குடும்பம், ஒன்று தாராவியிலும் ஒன்று வெளியிலுமாகப் பிரியலாம். பாட்டி யாரோடு போவார்? கைகாட்டினால் நடந்து போகிற தூரத்தில் உள்ள சயான் மருத்துவமனை, கடனுக்கு மாத்திரை தரும் மருந்துக்கடை, எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் அந்த நாலு பேர். இவை எதற்கும் கணக்கெடுப்பில் கட்டம் கிடையாது. சொந்தக் கழிப்பறையும் லிஃப்டும் உள்ள வீடு முதியவர்களுக்கு நிச்சயம் பெரிய நிம்மதி. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை, 40 வருடம் கட்டிய அக்கம்பக்கமாக இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களை ஒன்றாகவே இடம் மாற்றுவது, முதியவர் உள்ள வீட்டுக்குக் கீழ்த்தளம் தருவது போன்றவை இப்போதே கேட்க வேண்டிய விஷயங்கள். சாவி கையில் வந்த பிறகு கேட்டால் நடக்காது.

மாட்டுங்கா: தாள் எல்லாம் உண்டு, படிதான் பிரச்சினை

மாட்டுங்காவின் கதை நேர் எதிர். பாம்பே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதி இது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தாவாகவும் அதிகாரியாகவும் வந்த தென்னிந்தியர்கள் இங்கே ஃபிளாட் வாழ்க்கையைப் பழகியதை வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 'ஹவுஸ், பட் நோ கார்டன்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தக் கட்டடங்களில் பலவற்றுக்கு மூன்று நான்கு மாடி. பலவற்றில் லிஃப்ட் கிடையாது. 30 வயதில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிய மாடி, 78 வயதில் ஒரு சுவர். முதலில் சாயங்கால நடை நிற்கும். அடுத்து கோயில், பஜனை சமாஜம். பிறகு சண்முகானந்தா கச்சேரி. கடைசியில் டாக்டர். 'கீழே இறங்குவதை நிறுத்திட்டாங்க' என்பது மருத்துவ ரிப்போர்ட்டில் வராது. ஆனால் முதுமையில் தனிமை ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அரசுத் திட்டங்களின் வருமான வரம்பு இவர்களைத் தொடாது. பென்ஷன், ஃபிக்சட் டெபாசிட், சொந்த வீடு இருக்கிறது. ஆனால் சமூக அமைப்புகள் இங்கே தாராளம். 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952-ல் தொடங்கிய சண்முகானந்தா சபா, ஆஸ்திக சமாஜம், சயானில் மும்பைத் தமிழ்ச் சங்கம். சண்முகானந்தா சபா கச்சேரிகளோடு குறைந்த கட்டண மருத்துவ மையமும் நடத்துகிறது. இவற்றில் ஏதோ ஒன்றில் உங்கள் அப்பா 40 வருட உறுப்பினராக இருப்பார். கேள்வி என்னவென்றால், அவர் மூன்று மாதமாக வரவில்லை என்பதைக் கவனித்துப் போன் செய்வது அங்கே யாருடைய பொறுப்பு? உறுப்பினர் பட்டியல் எல்லா இடத்திலும் உண்டு. வராதவர்களைத் தேடும் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

செம்பூர்: லிஃப்ட் வந்தது, கூடவே உயரமும் வந்தது

செம்பூரில் பழைய கட்டடங்கள் இடிந்து டவர்கள் வருகின்றன. லிஃப்ட் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் 2018 டிசம்பர் 27 அன்று திலக் நகரில் 'சர்கம்' சொசைட்டியின் மேல்தளங்களில் தீப்பிடித்தபோது 5 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் 70 வயதைத் தாண்டியவர்கள். தீப்பிடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. பத்தாவது மாடியிலிருந்து படியில் இறங்க முடியாதவர்கள் எந்தெந்த ஃபிளாட்டில் இருக்கிறார்கள் என்று வாட்ச்மேனிடமோ செக்ரட்டரியிடமோ ஒரு காகிதம் இருந்தால், தீயணைப்பு வீரர்கள் முதலில் அந்தக் கதவுக்குப் போவார்கள். ஒரு ஏ4 தாள்தான். உங்க சொசைட்டியில் இருக்கா?

மறுகட்டுமானக் காலமும் கவனிக்க வேண்டியது. கட்டடம் எழும்பும் வரை இரண்டு மூன்று வருடம் வாடகை வீடு. செட்டா நகர் முருகன் கோயிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று வாஷியில் ஒரு பதினாலாவது மாடியில். பால்காரர், டாக்டர், வேலைக்கு வரும் பெண் எல்லோரும் புதிது. அக்ரிமென்ட்டில் வாடகைத் தொகையைப் பார்க்கும் நாம், அந்த வீடு பழைய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்கணும்.

எந்த நம்பர், எதுக்கு?

இதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

• 14567 (எல்டர்லைன்): முதியோருக்கான தேசிய ஹெல்ப்லைன், காலை 8 முதல் இரவு 8 வரை. பென்ஷன், சட்டம், முதியோர் இல்லம் பற்றிய தகவல், கைவிடப்பட்டவர்களை மீட்பது, கொடுமை பற்றிய புகார். அவசர எண் என்று நினைத்து நடுராத்திரியில் இதை நம்பாதீர்கள்.

• 1090: மும்பை போலீஸின் மூத்த குடிமக்கள் ஹெல்ப்லைன். அவசரம் என்றால் 112. தனியாக இருப்பவர்கள் உள்ளூர் காவல் நிலையத்தில் பெயர் பதிவு செய்துகொள்ளலாம். போலீஸார் அவ்வப்போது வந்து பார்ப்பதற்கான ஏற்பாடு அது. பதிவு செய்தால்தான் வருவார்கள்.

• 1930: ஆன்லைன் பண மோசடி. பணம் போன உடனே அழைத்தால்தான் முடக்க வாய்ப்பு. 'போலீஸ் வீடியோ காலில் அரெஸ்ட் பண்ணாது' என்ற ஒரு வரியை அம்மாவின் போனுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

• 14416 (டெலி மானஸ்): மனநல ஆலோசனை, இலவசம், 24 மணி நேரமும். தமிழிலும் பேசலாம்.

• ஆப்லா தவாகானா: மாநகராட்சியின் இலவச கிளினிக்குகள். காலை 7 முதல் 2 வரை, மதியம் 3 முதல் இரவு 10 வரை. பிரஷர், சர்க்கரை மாத்திரைக்குப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

• டிக்னிட்டி ஃபவுண்டேஷன்: 1995-ல் ஷீலு ஸ்ரீனிவாசன் தொடங்கியது. முதியவர்கள் கூடிப் பேசும் 'சாய் மஸ்தி' மையங்கள், மறதி நோய் உள்ளவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு.

• பால்கேர்: தீராத நோயில் இருப்பவர்களுக்கு மும்பையில் வீடு தேடி வந்து தரும் வலிநிவாரணப் பராமரிப்பு.

மறதி நோயைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. லாசியோடு சேர்ந்து நடந்த ஆய்வின் மதிப்பீட்டில், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4% பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. சுமார் 88 லட்சம் பேர். 'வயசாச்சு, மறதி' என்று விட்டுவிட்டு, ஒரு நாள் ஸ்டேஷனில் வழி தெரியாமல் நிற்கும்போதுதான் பல குடும்பங்களுக்கு உறைக்கிறது.

5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு யாருக்கு?

2024 அக்டோபர் 29 முதல், 70 வயது ஆன எல்லோருக்கும் ஆயுஷ்மான் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு. ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லை. மாட்டுங்கா மாமாவுக்கும் உண்டு, தாராவிப் பாட்டிக்கும் உண்டு. தனியார் இன்சூரன்ஸ் இருந்தாலும் இதை எடுக்கலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ் மாதிரித் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும்.

இரண்டு விஷயம் கவனிங்க. ஒன்று, இது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான். மாதாமாதம் மாத்திரைக்கு உதவாது. இரண்டு, வயதுக்கு அடிப்படை ஆதார். ஊரில் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், குத்துமதிப்பாக ஒரு வருடம் சொல்லி ஆதார் எடுத்தவர்கள் தாராவியில் ஏராளம். 72 வயதுக்காரர் ஆதாரில் 66 ஆக இருந்தால் அவருக்கு அட்டை கிடையாது. பிறந்த தேதியைத் திருத்தவும் பொதுவாக ஒரே ஒரு வாய்ப்புதான். இன்றைக்கே அந்த வருடத்தைப் பாருங்கள்.

மாநில அரசின் 'முக்கியமந்திரி வயோஶ்ரீ' திட்டம் இன்னொன்று. 65 வயதைத் தாண்டி, வருட வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் ஒரு முறை 3,000 ரூபாய். கண்ணாடி, காது மெஷின், கைத்தடி, கமோடு நாற்காலி வாங்கலாம். தாராவியில் ஒரு கமோடு நாற்காலி, ராத்திரி படி இறங்காமல் காப்பாற்றும்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிடலாம். தாராவி, மாட்டுங்கா மும்பை நகர மாவட்டத்தில் வரும். செம்பூர் மும்பை புறநகர் மாவட்டம். மனு போடும் இடம் இதைப் பொறுத்து மாறும்.

'என்னைப் பார்த்துக்கொள்வாய்' என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்க்காமல் விட்டால், 23-வது பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். அப்படி ரத்து செய்யும்போது வீட்டைப் பெற்றோரிடம் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுகட்டுமானத்தில் புது ஃபிளாட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றும் செம்பூர் பெற்றோர், அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுத்தில் வைப்பது நல்லது.

ஆனால் எந்தத் தாயும் சுலபத்தில் பிள்ளை மேல் மனு போட மாட்டார். சட்டம் கடைசிக் கதவு. அதற்கு முன்னால் நாலு கதவு இருக்கணும்.

தேடிப் போகும் முறை வேறெங்காவது இருக்கிறதா?

இருக்கிறது, நம்ம சொந்த ஊரிலேயே. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. கேரளாவில் 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிநிவாரண கிளினிக், பிறகு அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் படுக்கையில் இருப்பவர்களைத் தேடிப் போகும் வலைப்பின்னலாக வளர்ந்தது. ஜப்பானில் 'மின்செய் இயின்' என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லை. ஒவ்வொருவருக்கும் சில தெருக்கள். தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று.

'மும்பை மாதிரி நெரிசலான ஊரில் நடக்குமா?' நடந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அடுத்த சில வாரங்களில் மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் டாக்டர்களும் சந்து சந்தாகப் போனார்கள். 8,000-க்கும் மேற்பட்ட முதியவர்களைத் தனியாகக் கணக்கெடுத்தார்கள். யார் எங்கே இருக்கிறார், என்ன நோய், மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். உலகமே பாராட்டிய 'தாராவி மாடல்' அதுதான்.

ஒரு தொற்றுநோய்க்காகச் செய்ய முடிந்ததை, முதுமைக்காகவும் செய்ய முடியும். வார்டு ஆபீஸில் தனியாக வசிக்கும் முதியவர்கள் பட்டியல், மாதம் ஒரு தடவை கதவைத் தட்ட ஒரு சுகாதார ஊழியர். தாராவிக்கு ஜி-நார்த் வார்டு, மாட்டுங்காவுக்கு எஃப்-நார்த், செம்பூருக்கு எம்-வெஸ்ட். உங்கள் கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஷ்ராவண்பாள் வருமான வரம்பை லாட்கி பஹீண் அளவுக்காவது உயர்த்த வேண்டும் என்பது உங்கள் எம்எல்ஏவிடம் கேட்க வேண்டியது.

சரி, இந்த வாரம் என்ன பண்ணலாம்?

அரசு பட்டியல் போடும் வரை உங்கள் வீட்டுக்கான பட்டியலை நீங்கள் போடலாம். ஒரு சனிக்கிழமை போதும்.

1. மூன்று பெயர். தினமும் அப்பா அம்மாவைக் கண்ணால் பார்க்கும் மூன்று பேர்: வேலைக்கு வருபவர், வாட்ச்மேன், எதிர் வீட்டு ஆன்ட்டி. அவர்களிடம் உங்க நம்பர், உங்களிடம் அவர்கள் நம்பர். 'ஏதாவது வித்தியாசமா இருந்தா எந்த நேரமானாலும் கூப்பிடுங்க' என்று நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டு போதாது.

2. ஒரு சாவி. நம்பிக்கையான ஒருவரிடம் மாற்றுச் சாவி. கதவை உடைக்கும் அரை மணி நேரம் பக்கவாதத்தில் ரொம்பப் பெரிய நேரம்.

3. ஒரு தாள். ரத்த வகை, மாத்திரைகள், டாக்டர், ஆயுஷ்மான் அட்டை எண். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்.

4. ஒரு பதிவு. காவல் நிலையத்தில் பெயர், சொசைட்டியில் 'படி இறங்க முடியாதவர்' பட்டியலில் பெயர். தாராவியில் என்றால் கணக்கெடுப்புத் தாளில் பெரியவர்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை, ஆதாரோடு ஒப்பிட்டு.

5. ஒரு நேரம். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு நிமிட போன். 'சாப்பிட்டாச்சா' மட்டும் போதாது. 'இன்னைக்குக் கீழே இறங்கினீங்களா, யாரைப் பார்த்தீங்க' என்று கேளுங்கள். மூன்று நாள் தொடர்ந்து 'இல்லை, யாரையும் பார்க்கலை' என்று பதில் வந்தால், அந்த மூன்று பேரில் ஒருவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அப்பா அம்மா மும்பையில் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நீங்கள் இருக்கும் மாடியில், எதிர் ஃபிளாட்டில், யாரோ ஒருவருடைய அம்மா இருப்பார். அவருடைய பிள்ளை போடும் மூன்று பெயர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கலாமே. அவர் பிள்ளையின் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.